நிலையாமையும் நினைவும்: ஓட்ரி பிளாக்கின் அசையாப்பொருள் ஓவியங்கள் – ஒரு மதிப்பீடு

1

ஓவியக்கலையின் வரலாற்றிலே அசையாப்பொருள் ஓவியம் நெடுங்காலமாகக் கடைநிலையில் வைத்தே எண்ணப்பட்டு வந்துள்ளது. மேசைமீது பரப்பப்பட்ட பழங்கள், பூச்சாடி, கிண்ணம், புத்தகம், மெழுகுதிரி முதலியவற்றைப் பார்த்து வரைவதே இவ்வகை ஓவியமாகும். நமது பாடசாலைகளிற் சித்திர பாடத்தின்போது மாணவர் முன் வைக்கப்படும் பொருட்கூட்டம் இதன் எளிய வடிவமே எனலாம். 1667ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தின் உரைகளைத் தொகுத்த அந்திரே பெலிபியன், ஓவிய வகைகளை வரிசைப்படுத்தியபோது வரலாற்று ஓவியத்தையும் சமய ஓவியத்தையும் உச்சியில் வைத்தார். உயிரற்ற பொருள்களை வரைவதை அடியில் வைத்தார். மனித உருவமே இறைவனின் நிறைவான படைப்பு. அதனை வரைபவனே சிறந்த ஓவியன் என்பது அவர் கொண்ட நியாயம். இவ்வரிசை பின்னர் ஐரோப்பியக் கலைக்கழகங்கள் பலவற்றிற்கும் பொதுவிதியாயிற்று.

இவ்வரிசைமுறைக்கு ஒரு சமூகப் பக்கமும் உண்டு. மனித உருவத்தை வரைவதற்கு ஆடையற்ற உடலைப் பார்த்துப் பயிலுதல் இன்றியமையாதது எனக் கலைக்கழகங்கள் விதித்தன. அப்பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அமெரிக்காவிற் பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் பெண்களுக்கெனத் தனியான உருவ வரைவு வகுப்பை 1868இலேயே தொடங்கியது. உருவம் வரையும் வழி அடைக்கப்பட்ட பெண்களுக்கு வீட்டினுள்ளே கிடைத்த பழமும் பூவும் கிண்ணமுமே எஞ்சின. எனவே, பெண்கள் அசையாப்பொருள் ஓவியத்தை நாடியது அவர்தம் இயல்பினால் அன்று. அவர்களுக்கு விடப்பட்ட இடம் அதுவாக இருந்தமையினாலேயே ஆகும். முதலில் ஓரிடத்தை இழிந்ததென வகுத்து, பின்னர் பெண்களை அவ்விடத்தில் இருத்தி, இறுதியில் அவர்கள் அங்கிருப்பதையே அவர்தம் ஆற்றற் குறைவிற்குச் சான்றாகக் காட்டும் முறை இது. 1971ஆம் ஆண்டிலே லிண்டா நொக்லின், மகத்தான பெண் ஓவியர் ஏன் தோன்றவில்லை என்ற வினாவை எடுத்து ஆராய்ந்த கட்டுரையில், விடையைத் தனிமனித மேதைமையிலே தேடாது நிறுவனங்களிலே தேடுதல் வேண்டும் என நிறுவியமை இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது.

அமெரிக்க அசையாப்பொருள் ஓவிய மரபிற் பெண்களின் பங்கு தொடக்கத்திலிருந்தே உள்ளது. பிலடெல்பியாவின் பீல் குடும்பத்தைச் சேர்ந்த மார்கரெட்டா அஞ்சலிக்கா பீல் (1795–1882) பழங்களை வரைந்து பெயர் பெற்றவர். அவருடைய சகோதரிகளாகிய அன்னாவும் சேராவும் 1824இற் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தின் உறுப்பினராயினர். அக்கழகம் ஏற்றுக்கொண்ட முதற் பெண்கள் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த கிளோட் ராகே ஹேர்ஸ்ற் (1855–1942) கிளோடின் என்ற தமது பெயரை ஆணுக்கும் பொருந்தும் கிளோட் என மாற்றிக்கொண்டு, பழைய நூல்களையும் புகைக்குழாய்களையும் கண்ணை ஏமாற்றும் நுட்பத்தோடு வரைந்தார். பெயரைக்கூட மாற்றவேண்டியிருந்த அந்நிலையிலிருந்து நூறாண்டுக்குள், உதட்டுச்சாயத்தையும் வாசனைத் திரவியப் போத்தலையும் எட்டடித் திரையிலே பெரிதாக வரைந்து, அவை பெண்ணின் பொருள்கள் என்பதை மறைக்காமலே உயர்கலையின் அவைக்குள் நுழைந்தவர் ஓட்ரி பிளாக். அவரது வாழ்வையும் ஆக்கங்களையும், சிறப்பாக 1976–1978 ஆண்டுகளில் வரைந்த நிலையாமை ஓவியங்கள் மூன்றையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஓட்ரி பிளாக் 1931ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர் வழிவந்த குடும்பம் அவருடையது. கூப்பர் யூனியன் கலைக்கல்லூரியிற் பயின்று 1951இல் வெளியேறிய அவர், யேல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து 1952இற் பட்டம் பெற்றார். அங்கு கலைத்துறைக்குத் தலைமை தாங்கியவர் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து வந்த ஜோசப் அல்பேர்ஸ். ஒரு நிறம் தனித்து நிற்பதில்லை, அருகிலுள்ள நிறத்தினாலேயே அது தன் தோற்றத்தைப் பெறுகிறது என்பதை வாழ்நாள் முழுவதும் கற்பித்தவர் அவர். இப்பாடம் பிளாக்கின் பிற்கால ஓவியங்களில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைப் பின்னர் காண்போம்.

அக்காலத்து நியூயோர்க்கிலே அரூப வெளிப்பாட்டுவாதமே ஆட்சி செலுத்திற்று. ஜக்சன் பொலொக், வில்லெம் டி கூனிங் முதலியோர் கூடும் சீடர் மதுச்சாலைக்கு இளம் ஓவியையாகிய பிளாக்கும் சென்றதுண்டு; அரூப ஓவியங்களை வரைந்ததுமுண்டு. ஆயினும் அம்மரபு அவரை நிறைவு செய்யவில்லை. புலனாகும் உலகை உள்ளவாறு வரையவேண்டும் என்ற வேட்கையினால், யேலில் கல்வி முடிந்த பின்னரும் நியூயோர்க் கலை மாணவர் கழகத்தில் றொபேர்ட் பெவெர்லி ஹேலிடம் உடற்கூற்று வரைவைக் கற்றார். அரூபக் கலையே முன்னேற்றம் என அனைவரும் கருதிய காலத்தில் உடற்கூறு கற்கச் சென்றமை காலத்திற்குப் பின்னோக்கிச் செல்லும் செயலாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

அவருடைய முதல் மணவாழ்வு துன்பம் நிறைந்தது. பிறந்த இரு பெண்மக்களுள் ஒருவர் ஓட்டிசம் உடையவர். பிள்ளைக்கு இந்நிலை ஏற்படுவதற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என உளமருத்துவர் பலர் கூறிவந்த காலம் அது. புரூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பெரிதும் பரப்பிற்று. இக்கருத்து ஆதாரமற்றது எனப் பின்னர் நிராகரிக்கப்பட்டது. ஆனால், அக்காலத் தாய்மார் சுமந்த பழி இலேசானதன்று. பிளாக்கும் அப்பழியைச் சுமந்தவரே. பிள்ளைகளைப் பராமரித்துக்கொண்டு, இரவு நேரங்களிலும் கிடைத்த இடைவேளைகளிலும் வரைந்தார். 1970இல் மறுமணம் செய்துகொண்டார். இவ்விவரங்களை ஈண்டு கூறுவது அநுதாபம் தேடுவதற்காக அன்று. அவரது ஓவியங்களிலே அன்னையும் துயரும் விதியும் ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதை விளங்கிக்கொள்வதற்கு இவை வேண்டப்படுகின்றன.

3

1964ஆம் ஆண்டிலே பிளாக் ஒரு செய்திப் புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டு, ஜனாதிபதி கென்னடி 1963 நவம்பர் 22ஆம் திகதி டலஸ் நகரில் வாகனத்திற் சென்ற காட்சியை வரைந்தார். சுடப்படுவதற்குச் சற்று முந்திய கணம் அது. ஓவியத்தில் உள்ளோர் புன்முறுவல் பூத்திருக்கின்றனர். அடுத்து நிகழப்போவதை அறிந்தவர் பார்வையாளர் மட்டுமே. புகைப்படத்தைப் பார்த்து வரைதல் ஓவியனுக்கு இழுக்கு என்று கருதப்பட்ட அந்நாளில் இச்செயல் துணிவானது. 1969–70இல் ஒரு குடும்ப ஓவியத்தை வரையும்போது, படவில்லையை ஒளிக்கருவி மூலம் திரையிலே விழுத்தி, அதன்மேல் வரையும் முறையைக் கையாளத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் சக் குளோஸ், றிச்சர்ட் எஸ்ரிஸ், றல்ப் கோயிங்ஸ் முதலியோரும் புகைப்படத்தை அடிப்படையாக வைத்து வரைந்து வந்தனர். நியூயோர்க்கின் கலைக்கூட உரிமையாளர் லூயிஸ் மைசல் இப்போக்கிற்கு ஒளிப்பட யதார்த்தவாதம் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவ்வியக்கத்தின் முதல் வரிசையில் இடம்பெற்ற ஒரே பெண் பிளாக்.

ஆனால், அவ்வியக்கத்தினுள்ளும் அவர் ஒரு வேற்றாளே. ஏனையோர் வரைந்தவை பெரும்பாலும் மோட்டார் வாகனங்கள், கடைக் கண்ணாடிகள், தெருவோர உணவகங்கள். அவற்றை உணர்ச்சி கலவாத குளிர்ந்த பார்வையோடு வரைதலே அவர்தம் கொள்கை. பிளாக்கோ 1971இலே ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரிற் கண்ணீர் வடிக்கும் மக்காரெனா அன்னையின் திருச்சொரூபத்தை வரைந்தார். அச்சொரூபத்தைச் செதுக்கியவர் பதினேழாம் நூற்றாண்டுப் பெண் சிற்பியாகிய லூயிசா ரொல்டான் என அவர் நம்பினார். மறக்கப்பட்டிருந்த அச்சிற்பியின் பெயரை அமெரிக்கக் கலையுலகிற்கு எடுத்துரைத்தார். யூதப் பெண்ணொருவர் கத்தோலிக்க அன்னையின் கண்ணீரை வரைந்தமை சமயப்பற்றினால் அன்று. மக்கள் திரளுக்கு விளங்கும் உணர்ச்சியைக் கலை ஏன் வெட்கத்தோடு ஒதுக்கவேண்டும் என்ற வினாவின் விளைவே அது.

1972இல் வரைந்த ‘ஜோலி மடாம்’ என்பது அவரது முதற் பெரிய அசையாப்பொருள் ஓவியம். ஒரு பிரெஞ்சு வாசனைத் திரவியத்தின் பெயரே ஓவியத்தின் பெயராயிற்று. போத்தல், அணிகலன்கள், றோசாப்பூ, கண்ணாடிப் பரப்பு ஆகியவை ஒன்றிலொன்று ஒளி தெறிக்கப் பரந்து கிடக்கின்றன. இவ்வோவியம் இன்று அவுஸ்திரேலியாவின் கன்பரா தேசிய கலைக்கூடத்திலுள்ளது. 1974இன் ‘லியனாடோவின் சீமாட்டி’ நியூயோர்க் நவீன கலை நூதனசாலையை அடைந்தது. காற்றினால் நிறத்தை விசிறும் எயார்பிரஷ் கருவியை அவர் இவற்றிற் கையாண்டார். தூரிகையின் தடம் எங்கும் தெரியாது; நிறம் ஒளியாகவே மாறிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும். வாகனங்களுக்கு நிறம் பூசும் தொழிற்கருவி பெண்ணின் ஒப்பனை மேசையை வரையப் பயன்பட்டமை கருதத்தக்கது.

இங்கு ஒரு விமர்சன நேர்மையீனத்தைச் சுட்டுதல் அவசியம். பளபளக்கும் மோட்டார் வாகனத்தை ஓர் ஆண் வரைந்தபோது அது நுகர்வுச் சமுதாயத்தின் நடுநிலையான பதிவு எனப்பட்டது. பளபளக்கும் உதட்டுச்சாயத்தைப் பிளாக் வரைந்தபோது அது மலினமானது, மிகையுணர்ச்சி வாய்ந்தது எனப்பட்டது. இரண்டும் முதலாளித்துவச் சந்தையின் பண்டங்களே. இரண்டும் ஆசையை விற்கும் பொருள்களே. ஒன்றற்கு உயர்வும் மற்றதற்குத் தாழ்வும் வந்தது பண்டத்தினால் அன்று, அதனைப் பயன்படுத்துவோர் யார் என்பதனாலேயே ஆகும். பெலிபியனின் வரிசைமுறை இருபதாம் நூற்றாண்டிலும் வேறொரு வேடத்தில் உயிரோடிருந்தமைக்கு இது சான்று.

4

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்திலும் பிளாண்டர்சிலும் அசையாப்பொருள் ஓவியத்தின் ஒரு கிளை பெருவளர்ச்சி பெற்றது. மண்டையோடு, மணற்கடிகாரம், அணையும் மெழுகுதிரி, வாடும் மலர், புத்தகம், நாணயம் முதலியவற்றை ஒருங்கே வரைந்து, உலக இன்பங்கள் நில்லாதவை என உணர்த்துவது அது. பைபிளின் சங்கத் திருவுரை ஆகமத்திற் பேசப்படும் வெறுமை என்ற கருத்தே லத்தீன் மொழியில் வனித்தாஸ் என அவ்வோவிய வகைக்குப் பெயராயிற்று. தமிழ் வாசகர்க்கு இக்கருத்து புதியதன்று. திருக்குறளும் நாலடியாரும் நிலையாமைக்குத் தனி அதிகாரங்கள் வகுத்துள்ளன. தொல்காப்பியர் காஞ்சித்திணையை நில்லா உலகினைப் பற்றியதாகவே கொண்டார். எனவே இவ்வகையை நிலையாமை ஓவியம் என்று தயங்காது அழைக்கலாம்.

இம்மரபிலும் பெண்கள் இருந்தனர். கிளாரா பீற்றேர்ஸ் தாம் வரைந்த உலோகக் கிண்ணங்களின் வளைவிலே தமது முகத்தைச் சிறிய பிரதிபலிப்பாக வரைந்துவைத்தார். மரியா வான் ஊஸ்டர்வைக் 1668இல் வரைந்த நிலையாமை ஓவியத்திலே ஒரு கண்ணாடிக் குடுவையில் ஓவியையின் உருவம் நிழலாடுகின்றது. புத்தகத்தின்மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி அமர்ந்திருக்கின்றது. பொருள்களை மட்டுமே வரைய அநுமதிக்கப்பட்டவர், பொருள்களுக்குள்ளே தம்மை ஒளித்துவைத்த முறை இது. பிளாக் இப்பெண்களின் மரபைத் தெரிந்தே தொடர்ந்தார்.

1977இல் வரைந்த ‘மரிலின்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. எட்டடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட இவ்வோவியம் அரிசோனாப் பல்கலைக்கழகக் கலை நூதனசாலையில் உள்ளது. 1962இல் மறைந்த திரைப்பட நடிகை மரிலின் மன்றோவின் முகம் விரித்த புத்தகத்திலும் கண்ணாடியிலும் தெரிகின்றது. சுற்றிலும் உதட்டுச்சாயம், முகப்பூச்சு, மணற்கடிகாரம், எரியும் மெழுகுதிரி, நாட்காட்டி, சட்டைப்பைக் கடிகாரம், வெட்டிய தோடம்பழம், றோசா ஆகியன. புத்தகப் பக்கத்தில் உள்ள பகுதி மன்றோவின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது: அநாதை விடுதியிலிருந்த சிறுமியின் முகத்திலே பரிபாலகி ஒருத்தி பவுடர் பூசிவிட, அச்சிறுமி முதன்முறையாகத் தான் அழகி என்று உணர்ந்த நிகழ்ச்சி அங்கே கூறப்படுகின்றது. இவற்றினிடையே ஒரு பழைய மங்கிய புகைப்படம். சிறுமியாக இருந்த ஓட்ரியும் அவர் சகோதரரும் அதில் உள்ளனர். நிறம் தோய்ந்த தூரிகையொன்று வெளியில் மிதக்கின்றது.

இவ்வோவியத்தின் வலிமை இத்தூரிகையிலேயே தங்கியுள்ளது எனலாம். பூசுதல் என்ற ஒரே செயல் இங்கு இருபொருள் தருகின்றது. முகத்திற் பூசும் பெண்ணும் திரையிற் பூசும் பெண்ணும் நிறத்தினால் தம்மை உருவாக்குகின்றனர். ஒருத்தி அவ்வாறு உருவாக்கிய முகம் திரைப்படத் தொழிலின் விற்பனைப் பண்டமாகி அவளையே அழித்தது. மற்றவள் அழியாது எஞ்சினாள். அன்டி வார்ஹோல் அதே மன்றோவின் முகத்தை அச்சிட்டு அடுக்கியபோது பண்டமாதலைக் குளிர்ச்சியாகச் சுட்டினார். அவ்வடுக்கில் முகத்திற்குப் பின்னால் எவரும் இல்லை. பிளாக் அம்முகத்திற்கு ஒரு குழந்தைப் பருவத்தை மீட்டுத் தந்தார். மிகையுணர்ச்சி என்று பழிக்கப்பட்டது இதுவே. ஆனால் இங்கு உணர்ச்சி அறிவை மழுக்கவில்லை. மாறாக, பண்டமாக்கப்பட்ட ஒன்று முன்பு ஒரு மனித உயிராக இருந்தது என்ற அறிவையே அது தருகின்றது. பீற்றேர்ஸ் கிண்ணத்தில் ஒளித்துவைத்த தமது முகத்தைப் பிளாக் சிறுவயதுப் புகைப்படமாக வெளிப்படையாகவே வைத்துவிட்டார்.

5

1976–77இல் வரைந்த ‘இரண்டாம் உலக யுத்தம்’ என்ற ஓவியமே மிகுந்த வாதப் பிரதிவாதங்களுக்கு உரியது. அதுவும் எட்டடிச் சதுரம். 1945 ஏப்ரில் மாதம் புச்சன்வால்ட் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது மார்கிரட் பேர்க்-வைற் எடுத்த புகழ்பெற்ற புகைப்படம் ஓவியத்தின் மேற்பகுதியில் இடம்பெறுகின்றது. கோடிட்ட ஆடையணிந்து முட்கம்பிக்குப் பின்னால் நிற்கும் கைதிகள் நேரே நம்மை நோக்குகின்றனர். அதற்கு முன்னே வெள்ளித் தட்டிலே சிறிய கேக்குகள், முத்துமாலை, பழம், றோசாப்பூ, கடிகாரம், வண்ணத்துப்பூச்சி, உருகி வடியும் சிவப்பு மெழுகுதிரி, தாவீதின் நட்சத்திரம். யூத ஞானியாகிய பிராட்ஸ்லவ் ஊர் நக்மனின் போதனை அச்சிட்ட ஒரு தாள்.

பட்டினியால் உருக்குலைந்தோர் முன் இனிப்புப் பண்டங்களை வைப்பது அவர்களை அவமதிப்பதாகாதா? இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு வழமையாகக் கூறப்படும் விடை, நிலையாமை ஓவியத்தின் இலக்கணமே இன்பத்தையும் இறப்பையும் அருகருகே வைப்பதுதான் என்பதாகும். இவ்விடை போதாது. ஏனெனில் பழைய நிலையாமை ஓவியம் பேசிய இறப்பு இயற்கையின் விதி. மலர் வாடும், மெழுகுதிரி அணையும், மனிதனும் மாய்வான். இதில் குற்றவாளி எவரும் இல்லை. புச்சன்வால்டில் நிகழ்ந்ததோ விதியன்று. அது மனிதர் திட்டமிட்டு மனிதர்க்குச் செய்த கொடுமை. அக்கொடுமையை மலரின் வாட்டத்தோடு ஒன்றாக வைத்தால், கொலை நிலையாமையாக மாறிவிடும். பொறுப்பு மறைந்து பெருமூச்சு மட்டும் எஞ்சும். இவ்வோவியம் எதிர்நோக்கும் உண்மையான இடர் இனிப்புப் பண்டங்களில் இல்லை. அது தேர்ந்துகொண்ட வடிவத்திலேயே உள்ளது.

பிளாக் இவ்விடரை முற்றிலும் உணராதவர் அல்லர் என்பதற்கு ஓவியத்திலேயே சான்றுண்டு. மரபின்படி மண்டையோடு இருக்கவேண்டிய இடத்தில் அவர் மண்டையோட்டை வைக்கவில்லை, பிணக்குவியலையும் வைக்கவில்லை. உயிரோடு எஞ்சியோரை வைத்தார். மண்டையோடு எவரையும் குற்றஞ்சாட்டாது. உயிருள்ள கண்கள் குற்றஞ்சாட்டும். பழைய ஓவியம் பார்வையாளனை நோக்கி, நீயும் இறப்பாய் என்றது. இவ்வோவியம், நீ எங்கே இருந்தாய் என்று கேட்கின்றது. நாம் வெள்ளித் தட்டின் பக்கத்தில் நிற்கின்றோம்; அவர்கள் முட்கம்பியின் பக்கத்தில் நிற்கின்றனர். நம் கண் முதலில் தேடிச் செல்வது கேக்கின்மீது படிந்த ஒளியையே. பின்னரே அவர்களின் முகத்தை. அந்தத் தாமதத்தை உணரும் பார்வையாளன் நாணுகின்றான். அவ்வகையில் இனிப்புப் பண்டங்கள் கைதிகளை அவமதிக்கவில்லை. நம்மையே பிடித்துக் காட்டுகின்றன.

அல்பேர்ஸ் கற்பித்த பாடம் இங்குதான் பயன்படுகின்றது. புகைப்படத்தின் சாம்பல் நிறம் தனித்து நின்றால் வழமையான செய்திப்படமாகவே தோன்றும். செம்மெழுகும் செம்மலரும் அருகிலே கொழுந்துவிட்டெரியும்போது அச்சாம்பல் நிறம் குருதி வற்றிய நிறமாகத் தோன்றுகின்றது. ஓவியை சொல்லாமல் விட்டதை நிறங்களின் அயல்நிலை சொல்லிவிடுகின்றது.

ஆயினும் ஒரு குறை தீர்ந்தபாடில்லை. எயார்பிரஷ் கருவி எல்லாவற்றிற்கும் ஒரே வழுவழுப்பைத் தருகின்றது. முத்து, கேக், முட்கம்பி, முகம் யாவும் ஒரே தோல் போர்த்தவையாகி விடுகின்றன. பேர்க்-வைற்றின் புகைப்படத்தில் இருந்த கரடுமுரடான சாட்சித்தன்மை இவ்வழுவழுப்பில் ஓரளவு கரைந்துவிடுகின்றது. பண்டங்களின் கவர்ச்சியை வரையப் பொருந்திய கருவி சாட்சியத்தை வரையப் பொருந்தவில்லை. பொருளுக்கேற்ப வடிவம் மாறவேண்டும் என்ற நியதியை இவ்விடத்தில் அவர் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை என்றே கூறவேண்டும். இவ்வோவியம் எழுப்பிய வினா பெரியது. அதன் கைவினை அவ்வினாவின் உயரத்தை எட்டவில்லை.

இதனோடு 1977–78இல் வரைந்த ‘விதியின் சக்கரம்’ என்ற மூன்றாவது ஓவியத்தை ஒப்பிடுதல் பயன் தரும். இங்கே மண்டையோடு வெளிப்படையாகவே வருகின்றது. கண்ணாடி, மணற்கடிகாரம், குறிபார்க்கும் சீட்டு, திராட்சை, உதட்டுச்சாயம் ஆகியவற்றோடு, ஓவியையின் மகளுடைய உருவப்படமும் இடம்பெறுகின்றது. ஒரு குழந்தை ஓட்டிசத்தோடு பிறப்பதற்குக் குற்றவாளி எவரும் இலர். குற்றவாளியைத் தேடிய உளமருத்துவம் தாயைச் சுட்டிற்று. அப்பழிக்கு விடையாகவே சக்கரம் என்ற உருவகம் இங்கு அமைகின்றது: இது என் செயலுமன்று, அவள் செயலுமன்று, விதியின் சுழற்சி என்கிறாள் தாய். வேறு சூழலில் விதியைச் சுட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்; இச்சூழலில் அதுவே நீதி. எனவே நிலையாமை என்ற வடிவம் தன் உண்மைப் பொருளைக் கண்டடைவது இம்மூன்றாம் ஓவியத்திலேயே என்பது எமது துணிபு. யுத்த ஓவியத்தில் இடறிய வடிவம் இங்கு இயல்பாக நிற்கின்றது. ஆனால் விமர்சகர் பெரும்பாலும் அதிகம் பேசியது ஏனைய இரண்டைப் பற்றியே.

6

இவ்வோவியங்களின் பின்னர், 1980களின் தொடக்கத்தில் பிளாக் ஓவியத்தை விட்டுச் சிற்பத்திற்குச் சென்றார். 1991இல் தென் கரோலினாவின் றொக் ஹில் நகர வாயிலிலே அவருடைய பெண்ணுருவ வெண்கலச் சிற்பங்கள் நிறுவப்பட்டன. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதிக்கென அவர் வடிக்கத் திட்டமிட்ட, போர்த்துக்கல்லிற் பிறந்து இங்கிலாந்தின் அரசியான பிறகன்சா கத்தரீனின் மாபெரும் உருவம், அடிமை வாணிகத்தோடு அரச குலத்திற்கிருந்த தொடர்பைச் சுட்டி 1990களின் பிற்பகுதியில் எழுந்த எதிர்ப்பினால் அங்கு நிறுவப்படவில்லை. அழகிய உருவம் வரலாற்றுக் கொடுமையின்முன் எவ்வாறு நிற்பது என்ற வினா, யுத்த ஓவியத்தில் எழுந்தது போலவே, மீண்டும் அவர்முன் வந்து நின்றது. முதுமையில் மீண்டும் ஓவியத்திற்குத் திரும்பினார். 2024இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டு, அவ்வாண்டு யூன் 28ஆம் திகதி தமது 93ஆவது வயதில் மறைந்தார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாக விளங்கிய ஜான்சனின் கலை வரலாறு 1962இல் வெளிவந்தபோது அதிற் பெண் ஓவியர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. 1986ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்ற சில பெண்களுள் பிளாக்கும் ஒருவர். இதனை வெற்றியாகக் கொள்ளலாம். ஆயினும் நூலில் இடம்பெறுதல் ஒன்றே மதிப்பீடாகிவிடாது. பெண் என்பதனால் இகழ்ந்ததும் பிழை; பெண் என்பதனால் குறைகளைக் கூறாது விடுவதும் அவரைக் கலைஞராக மதியாமையே ஆகும்.

தொகுத்து நோக்குமிடத்து, பிளாக்கின் சாதனையை மூன்று வகையிற் கூறலாம். கடைநிலை என வகுக்கப்பட்ட ஓவிய வகையை, அதன் பொருள்களை மாற்றாமலே, வரலாற்று ஓவியத்தின் அளவிற்கும் பொறுப்பிற்கும் உயர்த்தினார். உயர்கலை வெட்கப்பட்ட உணர்ச்சியை வெட்கமின்றிக் கையாண்டு, அது அறிவின் வாயிலாகவும் அமையலாம் எனக் காட்டினார். பண்டங்களின் மினுக்கத்திற்குள்ளே புதைந்துபோன மனிதரை மீட்டெடுக்க முயன்றார். அவரது தோல்வியும் இம்மூன்றாவதிலேயே உள்ளது. மினுக்கத்தை வரைந்த கருவியாலேயே மினுக்கத்தை வெல்ல முயன்றார், சிலவிடத்து மினுக்கமே வென்றது. ஆனால் மண்டையோட்டின் இடத்தில் உயிரோடு எஞ்சிய மனிதரை வைத்த அந்தத் தேர்வு, நானூறு ஆண்டு மரபொன்றின் வினாவையே மாற்றிவிட்டது. வாழ்வு நில்லாது என்பதை எவரும் சொல்லலாம். அதனை நில்லாமற் செய்தவர் யார் என்று ஒரு கேக்குத் தட்டின் அருகிலிருந்து கேட்க முடியும் என நிறுவியவர் ஓட்ரி பிளாக்.